இருபது மீட்டர் கம்பி

முள் படுத்துவிட்டது, படுத்தேவிட்டது, நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் கடைசியாக நாலு விரல் கம்பியை மடித்துக் கட்டிவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்து பார்த்தபோது எப்படிப் படுத்துக் கிடந்ததோ அப்படியே இப்போதும் கிடக்கிறது, பொத்தானை அழுத்தி மைக்கில் மெல்லச் சீட்டியடித்துப் பார்க்கிறேன், அசையவில்லை, இன்னொரு தடவை, அசையவில்லை, போதும் தங்கபுஷ்பம், புதுக் கம்மல் போட்டவள் கண்ணாடியை விட்டு நகராத மாதிரி இதையே பார்த்துக்கொண்டிருக்காதே. நான் அனுப்புகிற சத்தத்தில் எவ்வளவு வானத்துக்குப் போகாமல் கம்பியில் முட்டித் திரும்பி வருகிறது என்று காட்டுகிற முள் அது. நிமிர்ந்து நின்றால் அனுப்பியதில் பாதி வீட்டுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம், படுத்தால் எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மூன்று சனிக்கிழமையாக என் முள் அட்டென்ஷனில் நின்றது. மணி ஆறு நாற்பது. இன்னும் இருபது நிமிஷம். ஏழு அடித்ததும் காரைக்குடியிலிருந்து சாத்தப்பன் பேச ஆரம்பிப்பார், தமிழ் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்கள் சனிக்கிழமை காலை ஒரே அலைவரிசையில் கூடுவோம், அதற்கு நெட் என்று பெயர், சாத்தப்பன்தான் தலைவர், ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் அவரவர் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும், அவர் இரண்டு எண் தருவார், முதல் எண் பேச்சின் தெளிவு, ஐந்துக்கு, இரண்டாவது எண் வலிமை, ஒன்பதுக்கு. கூடுவோம் என்று என்னையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன், வெட்கமில்லாமல், என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. மூன்று வாரமாகக் கூப்பிடுகிறேன், மூன்று வாரமாக ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. ஆசீரை, என் வீட்டுக்காரரை, நடைக்குப் போகச் சொல்லி விரட்டிவிட்டேன், கூட இருந்து உதவட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று கையாட்டினேன், வரும்போது பால் வாங்கிக்கொண்டு ஏழரைக்கு வந்தால் போதும். அவர் இல்லாமல் நடக்க வேண்டும். இன்றைக்கு யாராவது ஒரே ஒரு ஆள், நடுவில் ஆள் வைக்காமல், நான் பேசுவதைக் கேட்டு என்னிடமே பதில் சொல்ல வேண்டும், இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கிற ஆன்டெனாவை நினைத்தே பார்க்கவில்லை, எனக்கு எதற்கு, கீழ்வீட்டில் வயரிங் மாற்றினபோது எலக்ட்ரீசியன் சுருட்டிப் போட்ட சிவப்பு வயர் இருந்தது, விளையாட்டு டீச்சர் வேலையை விட்டு வரும்போது பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கிக் கொடுத்த மூட்டை இருந்தது, அதில் இரண்டு டென்னிகாய்ட் வளையம், பெண் பிள்ளைகள் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று எறிந்து பிடிக்கிற ரப்பர் வளையம், அதுதான் கம்பியின் இரண்டு நுனியிலும் மின்சாரம் கசியாமல் காப்பு, நடுவில் ஸ்கிப்பிங் கயிற்றின் பிளாஸ்டிக் கைப்பிடி, இழுத்துக் கட்ட பழைய வாலிபால் வலையின் நைலான் கயிறு. கயிற்றை வளையத்தில் முடிந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து அடுத்த காம்பவுண்டு வேப்பமரத்துக் கவட்டை மேல் எறிந்தேன் பாருங்கள், ஒரே எறி, சரியாகக் கவட்டையில் விழுந்து அந்தப்பக்கம் தொங்கியது, ஐம்பத்தேழு வயதில், தோள் ஒரு வார்த்தை முனகவில்லை, எனக்கு அங்கேயே நின்று கைதட்டலாம் போல இருந்தது, தட்டவும் தட்டினேன். எல்லாம் சரி, கணக்கில்தான் கோட்டை விட்டேன். நூற்று நாற்பத்து மூன்றை அலைவரிசை எண்ணால் வகுத்தால் கம்பியின் முழு நீளம், எனக்கு இருபது மீட்டர் வந்தது, அதை நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து. நான் இருபதைப் பத்தாக்கித் தாளில் எழுதிவைத்து, டீ குடித்துவிட்டு வந்து, தாளில் இருந்த பத்தைப் பார்த்து, இதில் பாதி என்று ஐந்து ஐந்தாக வெட்டினேன். இருநூறு பிள்ளைகளுக்கு ஓடுதளம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டவள். அந்த ஐந்து ஐந்து மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமை தொண்டை கிழியக் கத்தினேன், முள் நின்ற நிலையில் நின்றது, குறை என் குரலில்தான் என்றே நினைத்துக்கொண்டேன், வேறு எதையும் சந்தேகப்படத் தோன்றவில்லை, புதன்கிழமை மாடியில் துணி எடுக்கப் போனவள் நிமிர்ந்து பார்த்தபோது என்னமோ குட்டையாக இருக்கிறதே என்று தோன்றியது, டேப்பை எடுத்து அளந்தேன், சிரித்தேன், உட்கார்ந்து சிரித்தேன். வெட்டிப் போட்ட மிச்சத்தை முறுக்கிச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், பக்கத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் டேப். கழுத்தில் எனக்கும் ஒன்று உண்டு, விரலைக்கொண்டு போனால் தட்டுப்படும், கை தானாக அங்கே போகிறது, எடு கையை. சேர்த்த பிறகும் முள் பாதிதான் இறங்கியது, பிளாஸ்டிக் உறை போட்ட வயர் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குட்டையாகவே இருக்க வேண்டுமாம், நுனியை நாலு விரல் மடிப்பேன், இறங்கி வந்து பார்ப்பேன், ஏறிப்போய் இன்னொரு நாலு விரல், இருபத்திரண்டு படி, பதினோரு தடவை, கடைசித் தடவை படுத்தது. இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன்.

ஆறு ஐம்பத்திரண்டு. ஹெட்போனில் கடல் இரைகிற மாதிரி இரைச்சல், அதற்கு அடியில் யாரோ ஒருவர் யாருக்கோ மழை பெய்ததைச் சொல்கிறார். நேராக நில். இயல்பாக நில். என் குரலுக்கு மைக் வைத்ததே கிடையாது, மாவட்ட விளையாட்டு விழாவில் மைக் செட்டுக்காரன் ஜெனரேட்டர் பழுதென்று கையை விரித்தபோது நான் மேடையிலிருந்து கொடுத்த கட்டளைக்கு மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற ஆறாம் வகுப்பு வரிசை வரைக்கும் ஒரே நேரத்தில் குதிகால் தட்டியது, அந்த ஒரு தட்டு, இன்றைக்கும் பாதத்தில் இருக்கிறது. அப்புறம் கழுத்தில் கட்டி, ஆபரேஷன், கட்டி போனது, குரல்நாண் ஒன்று அசைவதை நிறுத்திக்கொண்டது, சில பேருக்கு இப்படி ஆகும் என்றார்கள், ஆனது, நாலு வருஷம். பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. போனில் சார் என்கிறார்கள். கடையில் இரண்டாவது தடவை சொல்வதற்குள் ஆசீர் முந்திக்கொள்வார், அவ என்ன சொல்லுதான்னா. டாக்டரிடம், அவ என்ன சொல்லுதான்னா. கல்யாண வீட்டில், சர்ச்சு வாசலில், என் சொந்தத் தம்பியிடம். பாசத்தில்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும், எனக்குத் தொண்டை வலிக்கக் கூடாதென்று சொல்கிறார், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல், ஒரு தடவையாவது தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். போன மாதம் மீன்காரியிடம் நான் வாயையே திறக்கவில்லை, அவர் சொல்லிவிட்டார், அவ என்ன சொல்லுதான்னா சாளை வேண்டாம்னு. நான் சாளைதான் கேட்க இருந்தேன். சண்டையும் போடவில்லை, சண்டைக்கும் குரல் வேண்டும். அந்த வாரம்தான் லைசென்ஸ் தபாலில் வந்தது. ரேடியோவில் முகம் கிடையாது, பக்கத்தில் ஆசீர் கிடையாது, வாயசைவைப் பார்த்து இரக்கப்பட ஆள் கிடையாது, குரல் மட்டும்தான், என்னிடம் எது இல்லையோ அது மட்டும்தான் அங்கே செல்லுபடி, இதைப் போய்ப் பிடித்தேன் பார், கிறுக்கச்சி, இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது, தண்ணீர் குடி, வேண்டாம், குடித்தால் இருமல் வரும், ஒரு வாய் மட்டும்.

ஏழு. அனைவருக்கும் காலை வணக்கம், சாத்தப்பன் குரல், இரைச்சலை ஒதுக்கிக்கொண்டு வருகிறது, போன வாரத்தைவிடப் பெரிதாக வருகிறது, என் கம்பி, என் இருபது மீட்டர், கேட்கிறதிலேயே இவ்வளவு வித்தியாசமென்றால் அனுப்புவதில் எவ்வளவு இருக்கும். வாரா வாரம் சொல்வதைச் சொல்கிறார், மைக்கை வாய்ப்பக்கம் வைத்து மெதுவாகப் பேசுங்கள், கத்தினால் பேச்சு கலங்கிவிடும். சொல்லுவார், அவருக்கென்ன, கணீரென்று இருக்கிறவர் சொல்லுவார், கத்தியும் கேட்காதவளுக்கு அது பொருந்தாது. கோயம்புத்தூர், ஐந்து ஏழு. ஓசூர், ஐந்து எட்டு. மதுரையிலிருந்து ஹபிபுல்லா, எல்லாருக்கும் நண்பர், எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஒன்பது தருகிறவர், அது ஒரு மரியாதை, ரேடியோக்காரர்களில் பாதிப் பேர் மொய் எழுதுகிற மாதிரி ஐந்து ஒன்பது எழுதிவிடுவார்கள், சாத்தப்பன் மட்டும் எழுத மாட்டார், அதனால்தான் எனக்கு அவர் வேண்டும். புதிய ஸ்டேஷன்கள் யாராவது. இப்போது. அழுத்து. டேங்கோ, பாப்பா, யூனிஃபார்ம், என் அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்துகிறேன், கழுத்து நரம்பு புடைக்கிறது, யூனிஃபார்ம் பாதியில் உடைந்து காற்றாகப் போகிறது, விடு பொத்தானை. இரைச்சல். இரைச்சல். யாரோ இருக்கிறார்கள், என்கிறார் சாத்தப்பன், ஒரு கலங்கலான சத்தம் வருகிறது, எழுத்துப் புரியவில்லை. யாரோ இருக்கிறார்கள். நான்தான், நான்தான் அந்த யாரோ, எழுந்து நின்றுவிட்டேன், நாற்காலி பின்னால் விழுகிறது, மூன்று வாரம் யாருமே இல்லை, இன்றைக்கு யாரோ ஆகிவிட்டேன். நான் எடுக்கிறேன் என்று ஹபிபுல்லா உள்ளே வருகிறார். நல்லாக் கேக்குது, அருமை, உங்க ரிப்போர்ட் அஞ்சு ஒன்பது, பேரு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க, கால் சைனும் இன்னொரு தடவை, ஊரும் சொல்லிருங்க. இதற்குப் பேர்தான் ஐந்து ஒன்பது, சிரிப்பு வருகிறது, சொல்கிறேன், மறுபடி கத்தித்தான் சொல்கிறேன், பாதி பிடித்துக்கொண்டார் போல, உடனே காரைக்குடிப் பக்கம் திரும்பி உற்சாகமாக, நான் ரிலே பண்ணிடுறேன், மேடம் என்ன சொல்றாங்கன்னா.

மேடம் என்ன சொல்றாங்கன்னா. மதுரையிலும் ஒருவர் வைத்திருக்கிறார் அதை. நூற்றைம்பது கிலோமீட்டர் வானத்தில் போயும் வாசலில் அதே வார்த்தை செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. ரிலே வேண்டாம், என்று அழுத்திச் சொல்கிறேன், என்ன இது, முள் நிமிர்கிறது, நான் பேசப் பேச எழுந்து பாதியில் நிற்கிறது, நேற்றிலிருந்து செத்த பாம்பு மாதிரிக் கிடந்த முள், ரிலே வேண்டாம், வேண்டாம், ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒட்டுப் போட்டது விட்டுப்போய்விட்டதா, ஈயம் சரியாக உருகவில்லையா, வேப்பமரத்துக் கிளை முறிந்ததா, என் கை போட்ட முடிச்சு, என் கணக்கு, எல்லாம் என்னுடையது, நாலு வருஷமாகச் சரியாக ஒன்றும் நடக்காது, இன்றைக்கு மட்டும் ஏன் நடக்க வேண்டும். அந்த வீக் ஸ்டேஷன் கொஞ்சம் நில்லுங்கள், என்கிறார் சாத்தப்பன், மற்றவர்களை முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு தடவை கேட்கிறேன். கடைசியில் ஒரு தடவை. மொத்தம் பன்னிரண்டு பேர், ஆளுக்கு அரை நிமிஷம். மேலே காலடி. நம் தலைக்கு மேலே, மொட்டைமாடியில், வாளி வைக்கிற சத்தம். அய்யோ, செண்பகவல்லி. கீழ்வீட்டுச் செண்பகவல்லி, சனிக்கிழமை, போர்வை துவைக்கிற நாள், சிவப்பு வயர் பளபளவென்று மாடி வாசலுக்கு எதிரே தாழ்வாக இறங்கி வருகிறது, யார் பார்த்தாலும் புதுக் கொடி என்றுதான் நினைப்பார்கள், ஈரப் போர்வை விழுந்தால் கம்பியின் கணக்கே மாறிவிடும், அவளுக்கு ஷாக் அடிக்குமா, ஐந்து வாட்தான், விடிவிளக்கு அளவு, அடிக்காது, பொத்தானை விட்டுவிட்டேன்தானே, விட்டுவிட்டேன், ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டால் கேட்காது, ஆணியில் தொங்குகிற விசில். விசிலுக்குத் தொண்டை வேண்டாம், காற்று இருந்தால் போதும், காற்று என்னிடம் வண்டி வண்டியாக இருக்கிறது. நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுகிறேன், பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு, வாசலில் நின்று ஒரு ஊது ஊதுகிறேன், நீளமாக, மைதானம் முழுக்க உறைந்துபோகிற ஊதல். கம்பியில் ஏற்கெனவே ஒரு ஈரப் போர்வை தொங்குகிறது, செண்பகவல்லி இரண்டாவதைக் கையில் ஏந்தியபடி உறைந்து நிற்கிறாள். குரல் போன என்னிடம், காது போனவளிடம் பேசுவதுபோல உரக்கத்தான் பேசுவாள் எப்போதும், இன்றைக்கு மெதுவாகக் கேட்கிறாள், என்ன டீச்சர், இது கொடி இல்லியா. கையை இடமும் வலமும் ஆட்டி எடுக்கச் சொன்னேன். வளையத்தையும் முடிச்சையும் போர்வையையும் ஒரு பார்வை பார்த்தாள். கொடின்னுல்லா நெனச்சேன், நல்லா இழுத்துக் கட்டிருக்கியளேன்னு. ஆளுக்கொரு நுனி பிடித்து உருவினோம், கம்பி ஒரு துள்ளு துள்ளி ஈரத்தை உதறியது, அவள் தன் முந்தானையாலேயே அதைத் துடைத்தும்விட்டாள், அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, நேரமில்லை.

இருபத்திரண்டு படி கீழே. நாற்காலியை நிமிர்த்தி உட்காரும்போது சாத்தப்பன் கடைசிக்கு முந்தின ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயில் எச்சில் இல்லை, கத்துவதற்கு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை, படியிலும் விசிலிலும் போட்டுவிட்டேன். அந்த வீக் ஸ்டேஷன், இருந்தால் கூப்பிடுங்கள். மைக்கை உதட்டில் ஒட்டவைத்துக்கொள்கிறேன், வேறு வழியில்லாமல்தான். காதில் சொல்வதுபோலச் சொல்கிறேன். டேங்கோ. பாப்பா. யூனிஃபார்ம். பெயர் தங்கபுஷ்பம். ஊர் பாளையங்கோட்டை. முள் படுத்திருக்கிறது, நான் ஒவ்வொரு எழுத்தாக அதன் மேல் வைத்து அனுப்புகிறேன், அது கண்ணைத் திறக்கவே இல்லை. விட்டேன் பொத்தானை. இரைச்சல். வாசல் கதவு திறக்கிற சத்தம், ஆசீர், பால் பையோடு, மணி ஏழரை ஆகவில்லையே, ஊதினது தெருமுனைவரை கேட்டிருக்கும், பதறி வந்திருக்கிறார், ஷூவைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறார், நான் மாடிக்கு ஓடினபோது ஹெட்போன் வயர் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது, சத்தம் ஸ்பீக்கரில் வீடெல்லாம் இரைகிறது, நான் கவனிக்கவே இல்லை, இரைச்சல், இரைச்சல்.

"டேங்கோ பாப்பா யூனிஃபார்ம், தங்கபுஷ்பம், பாளையங்கோட்டை. காலை வணக்கம் மேடம். நான் யாருக்கும் முகதாட்சண்யத்துக்காக ரிப்போர்ட் குடுக்கறதில்லை. உங்க சிக்னல் ரொம்ப மெலிசு, வலிமை ரெண்டு. தெளிவு அஞ்சு. ஒரு எழுத்து விட்டுப்போகலை."

தெளிவு ஐந்து. வலிமை இரண்டு, அது எனக்கே தெரியும், நாலு வருஷமாக எல்லாரும் சொல்வது அதைத்தான், இரண்டு, ஒன்பதுக்கு இரண்டு, இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஐந்து இருக்க முடியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண் மறைக்கிறது, பென்சிலைக் காணோம், காதில் செருகியிருக்கிறேன், பதிவு நோட்டில் ஐந்து என்று எழுதுகிறேன், இரண்டு என்று எழுதுகிறேன், இதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது, ஐந்து ஒன்பது தந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆன்டெனா என்ன போட்டிருக்கீங்க மேடம், என்று கேட்கிறார், எல்லாரிடமும் கேட்பதுதான், எனக்கு நாலு நாளாக ஒருவரும் கேட்கவில்லையே என்று இருந்தது. அழுத்தி, உதட்டோடு வைத்து, வீட்டு வயர், நானே கட்டினது, என்று ஆரம்பித்து மூச்சு வாங்க ஒரு நொடி பொத்தானை விடுகிறேன், அந்த ஒரு நொடிக்குள் ஹபிபுல்லா, பாவம், நல்ல மனுஷன், உதவிக்குத்தான், உள்ளே நுழைகிறார், மேடம் என்ன சொல்றாங்கன்னா. வாசலில் ஆசீரும் வாயைத் திறக்கிறார், ரேடியோப் பெட்டியைப் பார்த்து, பழக்கம், அவ என்ன, வரைக்கும் வந்துவிட்டது.

"மதுரை, நில்லுங்க," என்கிறார் சாத்தப்பன். "ரிலே தேவையில்லை. எனக்கு நேராக் கேக்குது. அவங்களே சொல்லட்டும்."

மதுரை நின்றது. ஆசீர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பால் பையை மேஜையில் வைக்காமல் மெல்லத் தரையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார். அவர் நான் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் பொத்தானை அழுத்தி, இரண்டு டென்னிகாய்ட் வளையம் என்று தொடங்கி, ஸ்கிப்பிங் கைப்பிடி, வாலிபால் கயிறு, வேப்பமரம், தப்பாக வெட்டியது, ஒட்டுப் போட்டது, ஈரப் போர்வை, எதையும் விடாமல், அவசரப்படாமல், கடைசிவரைக்கும் நானே சொல்கிறேன்.